நெயில் பாலிஷ் கோடு

“இன்னும் ஒரே ஒரு சுத்து ஏத்திவிடு தம்பி.”

அண்ணி கார் சாவியை நீட்டினாள். சின்னவன் அதை வாங்காமல், ஏற்கெனவே பளபளவென்று இருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க அண்ணி.”

“போன வாரம் ஏத்தினது ரெண்டு நாள்தான் கேட்டுச்சு. அப்புறம் தேய்ஞ்சு போச்சு.”

“எது?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

பக்கத்து டயர்க்கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். “என்னம்மா, பல் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போறதுக்கா இவ்வளவு வேகம்? அங்க எவனும் ஆசையா வர்றதில்லையே!”

அண்ணி சிரிக்கவில்லை. முன்பெல்லாம் அவருக்குச் சுடச்சுடப் பதில் கொடுப்பாள்.

அந்தப் பட்டறையில் அண்ணன் தம்பி இருவரும்தான் எல்லாம். ஊரே அவர்களைப் பெரியவன், சின்னவன் என்றுதான் கூப்பிட்டது. டர்போ வண்டிகளுக்கு பூஸ்ட் வைப்பதில் பெரியவன் கைராசிக்காரன். புகை வெளியே போகிற வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற சக்கரம்தான் டர்போ. எவ்வளவு திணிக்கலாம் என்பதை பானெட்டுக்குள் இருக்கும் ஒரு பித்தளைத் திருகு தீர்மானிக்கும். இறுக்கினால் பூஸ்ட், அதாவது காற்றழுத்தம், ஏறும், வண்டி சீறும். அளவுக்கு மீறினால் இன்ஜின் உள்ளேயே சிதறும். அதுவும் ஓடுகிற வேகத்தில் சிதறினால், ஓட்டுகிறவரின் கதி அதோகதிதான்.

பெரியவன் தன் சொந்தக் காரில், அழுத்தத்தை முள் காட்டுகிற பூஸ்ட் கேஜின் கண்ணாடி மேல் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தான். முள் அதைத் தாண்டக் கூடாது. திருகை வைத்து முடித்ததும், அது நகராமல் பிடிக்கிற லாக் நட்டின் மேலும் அதே சிவப்பில் ஒரு கோடு. யாராவது திருகைத் தொட்டால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் அண்ணியின் நெயில் பாலிஷ். “என் விரலுக்கு மிச்சம் வைக்காம நட்டுக்குப் பூசுற ஒரே புருஷன் நீங்கதான்” என்று அவள் சண்டை பிடிப்பாள்.

தான் பறப்பான். ஆனால் அண்ணி வண்டியை எடுக்கிறாள் என்றால், அவளுக்குத் தெரியாமல் திருகை இறக்கி வைத்துவிடுவான். அதற்கும் ஒரு சண்டை நடக்கும்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு நாள், இதே பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கார் விசிலடிக்க ஆரம்பித்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. தெருவில் நின்றாலும், சந்தைக்கூட்டத்தில் நின்றாலும் பெரியவன் அண்ணியைக் கூப்பிடுகிற அதே விசில். ஆக்ஸிலேட்டரை மிதித்து அழுத்தம் ஓர் அளவுக்கு வந்ததும் கேட்கும். சில நாளில் மங்கிவிடும். திருகை இன்னும் இறுக்கினால் திரும்ப வரும். அண்ணியின் கெஞ்சலுக்குப் பணிந்து சின்னவனும் இறுக்கிக்கொண்டே போனான். முள் இப்போது சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

“வாங்க, நானும் கூட வர்றேன். கேட்டுட்டுச் சொல்றேன்” என்றான் சின்னவன்.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் அண்ணி மிதித்தாள். முள் எழுந்தது. முதலில் வழக்கமான டர்போ சீறல். பிறகு அதற்குள்ளிருந்து, சற்றுத் தொலைவில் நிற்கிற ஆள் கூப்பிடுவதுபோல, இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

உச்சி வெயில் கண்ணாடி வழியாகச் சுட்டது. சின்னவனுக்குக் கை மயிர் குத்திட்டது.

“கேட்டுச்சா?”

“காத்து அண்ணி. எங்கயோ கசியுது” என்றான்.

பட்டறைக்கு வந்ததும் டயர்க்கடை கம்ப்ரஸரிலிருந்து காற்றை இழுத்து டர்போ குழாய்களுக்குள் விட்டான். மூட்டு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் தெளித்தான். ஒரு கிளாம்புக்கு அடியில், ரப்பர் ஹோஸில், நுரை குமிழ்விட்டது.

“இதோ பாருங்க!” அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஹோஸ் கிழிஞ்சிருக்கு. காத்து இது வழியா பிச்சிக்கிட்டு போறப்ப விசில் வருது. கிழிசல் பெருசாகப் பெருசாக அழுத்தம் குறையும். நாம அத ஈடுகட்ட திருகை ஏத்திக்கிட்டே இருந்திருக்கோம். அவ்வளவுதான் அண்ணி, வேற ஒண்ணும் இல்ல.”

அண்ணி அந்தக் குமிழ்களையே பார்த்தாள். “மாத்திட்டா கேக்காதா?”

“கேக்காது.”

“அப்ப மாத்தாத.”

“இப்படியே ஓட்டினா ஒரு நாள் இன்ஜின் வெடிக்கும். நீங்க உள்ள இருப்பீங்க.”

“இருந்தா என்ன?”

டயர்க்கடைக்காரர் கையிலிருந்த ட்யூபைக் கீழே வைத்தார். சின்னவனின் குரல் உடைந்தது. “அண்ணனைத் தூக்கிட்டு ஓடினவன் நான். உங்களையும் என் கையில தூக்க வெக்காதீங்க அண்ணி.”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே, “சரி, செய்” என்றாள்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு வேலைப் பங்கீடு இருந்தது. குழாய் வேலை சின்னவனுடையது. அவன் முடித்துக் கை கழுவப் போனதும், பெரியவன் வந்து திருகை முழுக்க இறக்கி, லாக் நட்டை இறுக்கி, கோடு போடுவான். கசிவை அடைத்த பிறகு திருகு பழைய இடத்திலேயே இருந்தால் அத்தனை காற்றும் இன்ஜினுக்குள் பாய்ந்துவிடும் அல்லவா? அதனால் அந்தக் கடைசி வேலை எப்போதும் பெரியவனுடையது.

சின்னவன் புது ஹோஸைப் போட்டான். கிளாம்பை முடுக்கினான். மூலைக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். முதுகுக்குப் பின்னால் ஸ்பேனர் நட்டைக் கவ்வும் சத்தம் கேட்டது. கிளக், கிளக். பிறகு, பானெட் மூடுகிற சத்தம். பல வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம். மனம் லேசாகிவிட்டது. முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்தான்.

அவன் முகம் துடைத்துத் திரும்பியபோது கார் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“திருகை இறக்கிட்டியாடா?” என்றார் டயர்க்கடைக்காரர்.

“ம், இப்பதான…” என்றவன் நின்றான். “பானெட்டை நீங்களா மூடினீங்க?”

“நான் எங்கடா அந்தப் பக்கம் வந்தேன்? உங்க அண்ணி அங்க ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாங்க. மூடியிருக்கறதைப் பாத்துட்டுத்தான் எழுந்து வண்டியை எடுத்தாங்க.”

ஸ்பேனர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் மாட்டியதுபோல லேசாக ஆடியது.

சின்னவன் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விசில் கேட்கிறதா என்று பார்க்க அவள் எங்கே போவாள், எப்படி மிதிப்பாள் என்று அவனுக்குத் தெரியாதா? டயர்க்கடைக்காரரின் பைக்கைப் பிடுங்கிக்கொண்டு மேம்பாலத்துக்குப் பறந்தான். ஒவ்வொரு வளைவிலும் கண் புகையைத் தேடியது.

ஏற்றத்தின் உச்சியில் கார் ஓரமாக நின்றது. இன்ஜின் சாதாரணமாக முனகிக்கொண்டிருந்தது. அண்ணி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“தரையோட தரையா மிதிச்சேன் தம்பி. ஒரு சத்தமும் இல்ல.” கண்கள் சிவந்திருந்தன. “முள்ளுகூட பாதிக்கு மேல ஏறல. கிழட்டு வண்டி மாதிரி வருது. நீ சொன்னதுதான் சரி. எல்லாம் வெறும் காத்துதான்.”

பாதிக்கு மேல் ஏறவில்லையா?

சின்னவன் இன்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் தூக்கினான். சூடு முகத்தில் அடித்தது. பித்தளைத் திருகு முழுக்க இறக்கப்பட்டிருந்தது. லாக் நட் கச்சிதமாக இறுகியிருந்தது. அதன் மேல் சிவப்பாக ஒரு கோடு. தொட்டுப் பார்த்தான். அத்தனை சூட்டிலும் காயவில்லை, விரலில் ஒட்டியது.

பெரியவனைக் கடைசியாக வழியனுப்பிய அன்று, அவன் சட்டைப் பையில் அண்ணி அந்த நெயில் பாலிஷ் பாட்டிலை வைத்ததைச் சின்னவன் தன் கண்ணால் பார்த்திருந்தான்.

விரலை அவசரமாகப் பேண்ட்டில் துடைத்தான். சொன்னால் என்ன ஆகும்? மறுபடியும் தேட ஆரம்பிப்பாள். மறுபடியும் மிதிப்பாள். ஒன்றும் சொல்லாமல் பானெட்டைச் சாத்தப் போனான்.

பின்னால் அண்ணி வந்து நின்றிருந்தாள். அவள் மூக்கு விடைத்தது. அந்த வாசனை அவளுக்குத் தெரியாததா? அவன் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். நகக்கண்ணில் சிவப்பு மிச்சமிருந்தது. குனிந்து நட்டைப் பார்த்தாள்.

லாரி ஒன்று அவர்களைக் கடந்து போனது.

“திருகு எப்படி இருக்கு?”

“முழுசா இறக்கியிருக்கு அண்ணி.”

“நீயா?”

“நான் மறந்துட்டேன்.”

அவள் நிமிர்ந்து பானெட்டைத் தானே மூடினாள். பிறகு, மழைக்காலத்துக்கு முந்தின அண்ணியாக ஒரு நொடி உதட்டைச் சுழித்தாள். “நான் என்னவோ கூப்பிடுறாருன்னு நெனச்சேன். வேகத்தைக் குறைடின்னு கத்தியிருக்காரு. ஒரு நாளாவது என்னை நிம்மதியா ஓட்ட விட்டாரா அந்த மனுஷன்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கேஜ் முள் அசையாத அளவுக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு இறங்கினாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தே களைத்துப் போனது.

இப்போதும் பட்டறையில் குழாய் வேலை முடிந்தால் சின்னவன் முதலில் தானே திருகை இறக்குகிறான், இரண்டு முறை சரிபார்க்கிறான், பிறகுதான் குழாயடிக்குப் போகிறான். சோப்பைக் கையில் எடுக்கிற நேரத்தில், சில நாள், முதுகுக்குப் பின்னால் கிளக், கிளக் என்று கேட்கும்.

அவன் திரும்புவதில்லை. அந்தச் சத்தம் ஓயும்வரை முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறான்.