மீனுக்கு இறகு

"சிவப்பு, பச்சை, பச்சை, மஞ்சள், நீலம்!"

புன்டா பாலுட் என்ற மீனவர் தீவின் பள்ளி முற்றத்தில் மெரிலென் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். கயிற்றைச் சுழற்றிய இரண்டு பிள்ளைகளும் அந்த வரிசையைப் பாட்டாகவே ஆக்கிவிட்டிருந்தார்கள். நான்காம் வகுப்பு ஜன்னலில் இருந்து டீச்சர் நெலியா எட்டிப் பார்த்தாள்.

"ஏய், மெதுவாப் பாடுங்க! ஊருக்கே கேக்குது."

"மறக்காம இருக்கத்தான் மேம்!" என்றான் டொங்டொங். அவன் கையில் நூடுல்ஸ் பெட்டியில் வெட்டிய அட்டைத்துண்டு ஒன்று. அதில் நான்கு கட்டங்கள், நான்கு வண்ணங்கள். நெலியா கிரேயான் தீட்டிக் கொடுத்தது. அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'அட்டை டேப்லெட்'.

உண்மையான டேப்லெட்டுகள் வகுப்பின் பின்னால் இரும்பு பீரோவுக்குள் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் படகில் வந்து இறங்கியவை. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நெலியா. ஒன்று உடைந்தாலும் அவள் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். வந்த அன்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவள், மாதம் ஒருமுறை எடுத்துச் சார்ஜ் ஏற்றித் துடைத்து மறுபடி பூட்டினாள். பிள்ளைகள் பீரோவின் இடுக்கு வழியே பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது கல்வி அலுவலகத்தில் இருந்து கண்காணிப்பாளர் வருகிறார். எந்தப் பள்ளி டேப்லெட்டைப் பயன்படுத்துகிறதோ அங்கே அது இருக்கும். சும்மா வைத்திருந்தால் தூக்கி வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். டேப்லெட் போனால் தீவுக்குக் கெட்ட பெயர். நெலியா எதிர்பார்த்திருக்கும் மூத்த ஆசிரியை பதவியும் கூடவே போகும்.

தலைமை ஆசிரியர் அர்செனியோவின் அறையில் அவள் அந்தப் பயிற்சியை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தாள். அறிவியல் பாடம், ஐந்து கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொன்றுக்கும் நான்கு வண்ணக் கட்டங்களில் நான்கு விடைகள். பிள்ளைகள் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்து திரை மாறிவிடும். சரியான விடைகளின் வண்ணத்தை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டால்? புத்தகத்தில் அச்சடித்த கேள்வி நாளைக்கு மாறியா போய்விடும்? கணினியும் அப்படித்தான் என்று நினைத்தாள்.

கண்காணிப்பாளர் வரும் நாளன்று காலையில் அர்செனியோ சட்டைக் காலரைத் துடைத்தபடி வந்தார். "பன்சிட் நூடுல்ஸ் ரெடி, புட்டோ அப்பம் ரெடி, இளநி வெட்டியாச்சு. உன் பசங்க எப்படி நெலியா?"

"பன்சிட்டைவிட நல்லா வெந்திருக்காங்க சார்."

"குழைஞ்சிடப் போறாங்க, பாத்துக்க."

வரவேற்புப் பதாகை காற்றில் படபடக்க, கண்காணிப்பாளர் மேம் தியோடோரா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் இருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கினார். பருத்த உடம்பு, கறுப்புக் கண்ணாடி, வாய் ஓயாத பேச்சு. வகுப்பின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். பெற்றோர்கள் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள். வலையை விட்டுவிட்டு ஆண்கள்கூட வந்திருந்தார்கள். பிள்ளைகள் கணினியில் படிப்பதை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

நெலியா இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றாக டேப்லெட்டுகளைக் கொடுத்தாள். தியோடோரா ஒன்றை வாங்கிப் புரட்டினார்.

"என்ன மேம் நெலியா, திரையில ஒட்டின பிளாஸ்டிக்கை இன்னும் உரிக்கலையா?"

"பசங்க விரல் அழுக்கு மேம். பத்திரமா வச்சிருக்கோம்."

"எங்க மாமியாரும் இப்படித்தான். சோபா வாங்கி எத்தனையோ வருஷமாச்சு, இன்னும் பிளாஸ்டிக் மேலதான் உக்காந்து வழுக்கிட்டிருக்கோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நெலியாவும் சிரித்துவிட்டு மடிக்கணினியைத் தட்டினாள். பெற்றோர் சேர்ந்து வாங்கிக் கொடுத்த டிவியில் முதல் கேள்வி வந்தது. மீன் எதனால் மூச்சு விடுகிறது?

பிள்ளைகள் திரையைப் படிக்கவே இல்லை. எல்லா விரலும் ஒன்றாக எழுந்து சிவப்பில் இறங்கின. இவ்வளவு அழகாகச் சேர்ந்து அழுத்துகிறார்களே என்று நெலியாவுக்கு ஒரு நொடி பெருமை.

எத்தனை பேர் எதை அழுத்தினார்கள் என்று டிவியில் காட்டும் கம்பங்களில் சிவப்பு மட்டும் உச்சிக்குப் போனது. அதன் கீழே அவர்கள் அழுத்திய விடை வந்தது: இறகு.

யாரோ ஜன்னலில் 'க்ளுக்' என்றார்கள். நெலியா திரும்பி டிவியைப் பார்த்தாள். செவுள் என்ற விடை நீலக் கட்டத்தில் இருந்தது. ஓட்டிப் பார்த்த அன்று அது சிவப்பில்தானே இருந்தது? ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் விடைகள் இடம் மாறும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிறுத்தக் கை போனது. ஆனால் எதைச் சொல்லி நிறுத்துவது?

அடுத்த கேள்வி. பவளம் எங்கே வளரும்? எல்லா விரலும் பச்சையில் இறங்கின. பனிமலையில்.

அடுத்தது. நண்டு எங்கே ஒளிந்துகொள்ளும்? மறுபடி பச்சை. மேகத்தில்.

"அபாவ்! நம்ம கடல்ல என்னடா ஆச்சு?" என்று ஜன்னலில் ஒரு மீனவர் கேட்க, சிரிப்பு வெடித்தது. மஞ்சளும் நீலமும் வந்து போனபோது யாரும் சிரிக்கவில்லை. டிவியில் வகுப்பின் மொத்த மதிப்பெண் வந்து நின்றது. பூஜ்யம்.

தியோடோரா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து வந்து டொங்டொங்கின் பக்கத்தில் குனிந்து, ஆங்கிலத்தை விட்டு ஊர்ப் பேச்சில், தம்பி என்பதுபோலத் 'தோத்தோ' என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"உங்க அப்பா என்ன வேலை பாக்குறாரு தோத்தோ?"

"மீன் பிடிக்கிறாரு மேம்."

"அப்ப சொல்லு. மீன் எதால மூச்சு விடும்?"

டொங்டொங் வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான். அவன் கண் நெலியாவிடம் போய் ஒட்டிக்கொண்டது. தெரியும் என்று சொன்னால், தெரிந்தும் ஏன் இறகை அழுத்தினாய் என்று அடுத்த கேள்வி வரும். அது அந்தப் பையனுக்குப் புரிந்துவிட்டது என்பது நெலியாவுக்கும் புரிந்தது.

"தெரியாது மேம்," என்றான்.

"நீ சொல்லு இந்தாய்," என்று ஒரு பெண் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிட்டார்.

மெரிலென் எழுந்தாள். தினமும் அம்மாவோடு மீன் அரிகிறவள். "எனக்கும் தெரியாது மேம்."

அதற்கடுத்த பிள்ளையும் தெரியாது என்றது. அதற்கடுத்ததும். கயிறு தாண்டும்போது பாடிய அதே ஒற்றுமை. நெலியா கரும்பலகையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பசிக்குதே, சாப்பிடலாமா மேம்?" என்று அர்செனியோ இடையில் புகுந்தார்.

சாப்பாட்டு மேசையில் தியோடோரா பன்சிட்டை முள்கரண்டியால் சுற்றிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "நாலாங் கிளாஸ்ல ஒரு பிள்ளைக்குக்கூட மீனைப் பத்தித் தெரியல. இவங்களுக்கு டேப்லெட் எதுக்கு சார்? முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். லீவுல மந்தமான பிள்ளைங்களுக்கு வகுப்பு நடக்குதில்ல, அதுல மொத்தக் கிளாஸையும் போடச் சொல்லி எழுதிடுறேன். டேப்லெட்டை அடுத்த படகுல அனுப்பிடுங்க."

"நெலியா ரொம்ப உழைக்கிறவங்க மேம்," என்றார் அர்செனியோ.

"அவங்களைக் குறை சொல்லலையே. இந்தப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அவங்கதான் என்ன பண்ணுவாங்க, பாவம்."

நெலியா புட்டோவைப் பிய்த்து வாயில் போட்டாள். 'பாவம்' என்ற அந்தச் சொல்லை அவள் மறுக்கவில்லை. தண்ணீர் குடித்து அதையும் சேர்த்து விழுங்கினாள்.

தட்டைக் கழுவ வெளியே வந்தபோது சமையல்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் சியோனியின் குரல் கேட்டது. மெரிலெனின் அம்மா. காலையில் இருந்து பன்சிட் கிளறியவள்.

"மீனுக்கு இறகாடி? இறகு? உங்கப்பா நாளைக்குச் சந்தையில எப்படித் தலை நிமிர்ந்து நிப்பாரு? 'ஏம்ப்பா, இன்னைக்கு எத்தனை கிலோ இறகு'ன்னு கேப்பாங்களே!"

"மறந்துட்டேன் நானாய்," என்று அம்மாவிடம் முனகினாள் மெரிலென்.

"மறந்துட்டியா? நேத்துச் செவுளைப் பிச்சு என் மூஞ்சில எறிஞ்சு விளையாடினது யாரு? வாய் எங்கடி போச்சு அப்ப?"

பட்டென்று ஒரு அடி விழுந்தது. மெரிலென் அழுதாள். அழுகைக்கு நடுவிலும் "மறந்துட்டேன்" என்றே சொன்னாள். மேம் சொல்லித்தான் அழுத்தினோம் என்று ஒரு வார்த்தை அவள் வாயில் இருந்து வரவில்லை.

நெலியா கையில் இருந்த தட்டைத் தொட்டியிலேயே போட்டாள். வகுப்புக்குள் போய் மேசைகளுக்கு அடியில் கிடந்த அட்டைகளைப் பொறுக்கினாள். அர்செனியோ வாசலை மறித்தார்.

"எங்க போற? வாயத் திறக்காத நெலியா. அடுத்த வருஷம் எல்லாரும் மறந்துடுவாங்க."

"அந்தப் பிள்ளைங்க மறக்காது சார்."

"உன் பதவி?"

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

படகு மிதக்குமளவு தண்ணீர் ஏறக் காத்திருந்த தியோடோரா, படகின் விளிம்பில் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். வழியனுப்ப வந்த ஊர் முழுக்கக் கரையில் நின்றது. சிரித்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். நெலியா ஷூவைக் கழற்ற மறந்து அப்படியே தண்ணீரில் இறங்கினாள். அட்டைகளை நீட்டினாள்.

"இது என்ன மேம் நெலியா?"

"டேப்லெட் மேம். எங்க பசங்க இதுலதான் படிச்சாங்க."

தியோடோரா ஒரு அட்டையை வாங்கினார். கிரேயான் நிறம் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது.

"விடை எதுன்னு நான் சொல்லித் தரல. எந்தக் கலரை அமுக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். இடம் மாறும்னு எனக்குத் தெரியாது. பசங்க நான் சொன்னதைத்தான் அமுக்கினாங்க. தெரியாதுன்னு சொன்னதும் எனக்காகத்தான்."

சியோனி மகளின் தோளில் கை வைத்தாள். நெலியா ஊர்ப்பக்கம் திரும்பாமல் படகின் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிஜ டேப்லெட்டை எப்பக் குடுத்தீங்க?"

"இன்னைக்குத்தான் மேம். உடைஞ்சிடும்னு பயம். ரெண்டு வருஷமாப் பூட்டியே வச்சிருந்தேன்."

தியோடோரா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்துக் கூப்பிட்டார். "டொங்டொங்! இங்க வா. மீன் எதால மூச்சு விடும்?"

பையன் நெலியாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"செவுளால மேம்! தூக்கிப் பாத்தா ரத்தச் சிவப்பா இருக்கணும். வெளுத்திருந்தா பழைய மீனு. ஐஸ் போட்டு ஏமாத்துவாங்க, வாங்கிடாதீங்க. சுறாவுக்குச் செவுள் மூடியே இருக்காது, கோடு கோடாக் கிழிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் மேம், நண்டு…"

"போதும்டா, போதும். படகு போயிடப் போகுது." தியோடோரா சிரித்தார். ஆனால் நெலியாவிடம் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை. "பிள்ளைங்களைப் பத்தி நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிறேன். உங்களைப் பத்தி, பார்த்ததை எழுதுவேன். பதவியை மறந்துடுங்க. டேப்லெட் இங்கயே இருக்கட்டும். சொல்லாம வருவேன். வரும்போது ஒன்னாவது கீறல் விழுந்து, கறை படிஞ்சு இருக்கணும். புதுசாவே இருந்துச்சு, எடுத்துட்டுப் போயிடுவேன்."

"ஒரு அட்டையை நான் வச்சுக்கிறேன்," என்று தியோடோரா அதைப் பையில் போட்டுக்கொண்டு படகேறினார்.

நனைந்த ஷூ சளக் சளக் என்று ஒலிக்க நெலியா கரையேறினாள். ஊர் வழிவிட்டது. ஒருவர் திட்டியிருந்தால்கூட அவளால் நிமிர்ந்து பார்த்திருக்க முடியும். சியோனி மட்டும் ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வகுப்பில் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நெலியா பீரோவின் பூட்டைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். ஒரு டேப்லெட்டை எடுத்து மெரிலெனிடம் கொடுத்தாள். பிள்ளையின் கன்னத்தில் அடித்த தடம் இன்னும் சிவந்திருந்தது.

"மேல இருக்கிற பிளாஸ்டிக்கை உரி இந்தாய்."

"உரிக்கலாமா மேம்?"

"உரி."

மெரிலென் நகத்தால் ஓரத்தைச் சுரண்டி மெல்ல இழுத்தாள். எல்லாரும் அதைப் பார்க்கக் கூடினார்கள். டொங்டொங் மட்டும் கூட்டத்தில் இருந்து விலகி நெலியாவின் அருகில் வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"மேம், நாங்க வரிசையைத் தப்பா அமுக்கிட்டோமா? அதான் உங்களைத் திட்டிட்டாங்களா?"

"இல்லடா. நீங்க சரியாத்தான் அமுக்கினீங்க."

"அடுத்த தடவ அவங்க வரும்போது என்ன வரிசைன்னு இப்பவே சொல்லிடுங்க மேம். இந்தத் தடவ எல்லாரையும் நான் நல்லா மனப்பாடம் பண்ண வச்சிடுறேன்."

அவன் முகத்தில் ஒரு துளி கேலி இல்லை. உதவி செய்கிறேன் என்றுதான் நின்றான். நெலியாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து, ஷூவில் இருந்த கடல் தண்ணீரைத் தரையில் கொட்டினாள். கொட்டி முடித்த பிறகும் அப்படியே குனிந்திருந்தாள்.