தொண்ணூறு மீட்டர் வயர்

கருப்பம்மாள் உயிரோடு இருக்க ஆயிரத்து முந்நூற்று எழுபது ரிங்கிட் ஆகும் என்று எழுதிக் கொடுத்தேன். பொருத்துக்கூலி உட்பட. அடியில் ‘இந்த விலை ஏழு நாள் வரை செல்லும்’ என்றும் இருந்தது. அது எல்லாப் பட்டியலிலும் அச்சாகி வருவது.

ஈப்போவில் கேமரா, சென்சார், நெட்வொர்க் வயர் விற்கிற கடை என்னுடையது. அதற்கு முன் அதே இடத்தில் அத்தாவின் கைலிக் கடை. பேரம் பேசுகிற சத்தத்தில் தூங்கிப் பழகியவன் நான். எங்கள் வீட்டு வழக்கப்படி எந்தப் பட்டியலிலும் ‘விடுகிற வரி’ என்று ஒன்று இருக்கும். வாங்குபவர் அடிப்பதற்காகவே வைத்த வரி. அதை அடித்துவிட்டு ஜெயித்த முகத்தோடு மிச்சத்துக்கெல்லாம் பணம் கட்டிவிடுவார்.

பட்டியலைக் கேட்டு வந்தவர் ஜெயபாலன். கோப்பேங் தாண்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மாறிவிட்ட பழைய ரப்பர்த் தோட்டத்தின் லயத்து வீட்டில் இன்னும் குடியிருப்பவர். ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக்கு இரவுக் காவல், ஜாகா வேலை, மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. அவரும் என்னை அண்ணே என்றார், நானும் அவரை அண்ணே என்றேன். யார் மூத்தவர் என்று தீராதவரை பொறுப்பு யார் தலையிலும் விழாது.

அவர் மனைவி கருப்பம்மாளுக்கு ஞாபகம் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்திருந்தது. முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். இப்போதும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். பெயர் கூப்பிடக் கிராணியும் இல்லை, வெட்ட மரமும் இல்லை. இரண்டு முறை செம்பனைக்குள்ளிருந்து பிடித்து வந்திருக்கிறார்கள். வெளியே பூட்டிவிட்டுப் போகலாமே என்றேன். நான்கு வீடு தள்ளி அப்படிப் பூட்டிய ஒரு வீடு எரிந்த கதையைச் சொன்னார். வேலையை விடலாமே என்று நான் கேட்கவில்லை. ஜாகா சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

அதுவரை அவர் ஒரு பொய்யை வைத்துச் சமாளித்திருக்கிறார். மழை பெய்தால் மரம் ஈரம், வெட்டு கிடையாது. அதனால் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது, ‘நாளைக்கு மழையாம், வெட்டு இல்ல’ என்று சொல்லிவிட்டு வருவாராம். பெரும்பாலும் படுத்துக்கிடப்பாள். செலவில்லாத சென்சார். ஆனால் சில நாள் சொன்னது விடியுமுன்பே கலைந்துவிடும்.

மகள் சிங்கப்பூரிலிருந்து ஆயிரத்து இருநூறு அனுப்பியிருந்தாள். அதற்குள் முடிக்க வேண்டும்.

ஆள் அசைந்தால் காட்டுகிற சென்சார் வேண்டாம் என்று நானே சொன்னேன். அந்த வீட்டில் மூன்று பூனை. கதவு திறந்தால் காட்டுவது போதும், மூன்று கதவுக்கு மூன்று. அவை பேசுவதற்கு ஒரு மையப்பெட்டி. வேலையிடத்திலிருந்து போனில் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர் கேட்டதால் சமையற்கட்டில் ஒரு கேமரா. லயத்தில் இன்டர்நெட் இல்லை, பின்கட்டில் மின்சாரமும் அடிக்கடி விழுந்துவிடும். அதனால் ரோட்டோரம் குடியிருக்கிற தையல்காரப் பெண் தினேஸ்வரி வீட்டிலிருந்து, இணையம், மின்சாரம் இரண்டையும் சேர்த்துக் கொண்டுவர ஒரே வயர். தொண்ணூறு மீட்டர், சுத்தச் செம்பு, மீட்டர் மூன்று ரிங்கிட். கடைசியாக, தினேஸ்வரி வீட்டுச் சுவரில் அலற ஒரு சைரன், நூற்று இருபது. அதுதான் விடுகிற வரி. சைரனை அடிப்பார், ஐம்பதை நானாகக் குறைப்பேன், ஆயிரத்து இருநூறு. மனத்துக்குள் கையெழுத்தே போட்டுவிட்டேன்.

ஜெயபாலன் சைரனை அடிக்கவில்லை.

“தினேஸ் பகலெல்லாம் தையல் மிஷின்ல உக்காந்துட்டு அசந்து தூங்குற புள்ளண்ணே. போன் அடிச்சா எந்திரிக்காது. சைரன் இருக்கட்டும். வேற எங்கயாச்சும் கொறைங்க லா.”

பேரம் தெரியாத மனிதர். தோட்டத்துக் கடையில் சொன்ன விலைக்கு வாங்கியே காலம் கழிந்தவர். தெரிந்தவராக இருந்தால் எனக்குக் கஷ்டமில்லை. தெரியாதவர் நேராக வந்து எலும்பில் கை வைத்துவிடுகிறார். கூலி முந்நூற்று ஐம்பதில் என் லாபம் உட்கார்ந்திருந்தது. அதை எழுப்ப மனம் வரவில்லை. வயர் வரிக்குப் போனேன். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, மீட்டர் ஒன்று இருபது. பார்க்க அதே நீலம், அதே பளபளப்பு. நூற்று அறுபத்திரண்டு குறைந்தது. மிச்சம் எட்டை நம் பழக்கத்துக்காகத் தள்ளுபடி என்றேன். அவர் நெகிழ்ந்துபோய் எனக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். மகளுக்குப் போன் போட்டு, பேசிக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். நானும் பக்கத்திலிருந்து, அப்பா பொல்லாத ஆளும்மா என்று சிரித்தேன்.

திங்கட்கிழமை நண்பகலில் பொருத்தினேன். பின்கதவைத் திறந்தேன், தினேஸ்வரி வீட்டுச் சைரன் தோட்டத்துக்கே கேட்டது. கருப்பம்மாள் முறத்தோடு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“கங்காணி, நாளைக்கு வெட்டு இருக்கா?”

“மழையாம், அக்கா. வெட்டு இல்ல.”

சரி என்று தலையாட்டி உள்ளே போனாள். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய் இரவு எட்டுக்கு ஜெயபாலன் வேலையிடத்திலிருந்து போன் செய்தார். பகலில் படம் நன்றாக வருகிறது, இருட்டினால் போய்விடுகிறது, வருகிறது, போய்விடுகிறது என்றார். அவர் முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இருட்டியதும் கேமரா தன் இராவிளக்கைப் போடும். போட்டால் மின்சாரம் கூடுதலாக இழுக்கும். பூச்சு வயர் அத்தனை தூரத்துக்கு அதைக் கொண்டுவராது. கேமரா சாகும், அதே வயரில் தொங்குகிற மையப்பெட்டியும் சாகும். பெட்டி செத்தால் சைரன் ஊமை. நான் சோதித்தது நண்பகலில்.

செம்பு வயர் கடையிலேயே இருந்தது. மாற்றினால் யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. இரவில் கேமராவைப் பிடுங்கிவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் கூட மற்றதெல்லாம் வேலை செய்திருக்கும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்.

“லைன் ஸ்லோண்ணே. வீட்டுக்குப் போனதும் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க. வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வாரேன்” என்றேன்.

வியாழன் மாலை மறுபடியும் அழைத்தார். அன்று மழைக்கு இருட்டிக்கொண்டு வந்ததால் வேலைக்குக் கிளம்பும் முன்பே படம் போயிருந்தது. அணைத்துப் போடச் சொன்னேன். போட்டார். இன்னொரு முறை என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். மேகம் சும்மா மிரட்டிவிட்டுப் போய்விட்டது. அன்றிரவு ஒரு துளி விழவில்லை.

வெள்ளி காலை பத்துக்குத் தினேஸ்வரி பேசினாள். பழைய ரப்பர்ப் பால்காடு இருந்த பக்கம், செம்பனைக்கு நடுவில் வெட்டிய கால்வாயில் கருப்பம்மாள் கிடந்தாளாம். முழங்கால் தண்ணீர்தான். பக்கத்தில் டார்ச் எரிந்துகொண்டிருந்ததாம். சைரன் அடிக்கவே இல்லையண்ணே என்று அவள் மூன்று முறை சொன்னாள். நானும் மூன்று முறை, அப்படியா என்றேன்.

பதினாறு முடிந்து ஜெயபாலன் கடைக்கு வந்தார். பையில் சென்சார், பெட்டி, கேமரா, சைரன். தோளில் வயர், தொண்ணூறு மீட்டரும் முறுக்கில்லாமல் சுற்றியிருந்தது. காரியச் செலவுக்கு வாங்கிய கடன் இருக்கிறது, இதற்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். ஆயிரத்து இருநூறும் தருகிறேன் என்றேன்.

“பழசுக்கு யாருண்ணே முழு வெல கொடுப்பா? நான் பிச்சைக்கு வரல. சரியா சொல்லுங்க.”

ஆயிரம் என்றேன். ஐந்நூறு போதும் என்றார். நான் மேலே இழுக்க, அவர் கீழே இழுக்க, எழுநூறில் நின்றது. விலையை மேலே இழுத்துப் பேசியது வாழ்க்கையில் அது ஒருமுறைதான். தோற்றேன்.

பணத்தைச் சட்டைப்பையில் வைத்தவர் வாசலில் நின்றார்.

“கேக்கணும்னு நெனச்சேன். வயர்ல ஒன்னும் கோளாறு இல்லல்ல?”

என் கை அந்த வயர்ச் சுருளின் மேல்தான் இருந்தது.

“நல்ல வயருதாண்ணே.”

அவர் தலையை மெதுவாக ஆட்டினார்.

“அப்ப நான்தான். அன்னைக்கு சுவிட்ச போட்டுப் போட்டு நேரமாயிருச்சு. மழைன்னு சொல்ல மறந்துட்டேன்.”

போய்விட்டார். கணக்கை எழுதினேன்.

கருப்பம்மாள் வீடு. வரவு 1,200. திருப்பியது 700. கையில் நிற்பது 500. தள்ளுபடி 8. பூச்சு வயர் 90 மீட்டர், சரக்கில் சேர்த்தது. செம்பு வயர் 90 மீட்டர், அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. மழை என்று சொல்லாதது, ஜெயபாலன் பெயரில் பற்று. அந்த வரியை என் பெயருக்கு மாற்றவில்லை. வயரில் குறைத்த நூற்று அறுபத்திரண்டு, பாக்கி.