கீழ்ச்சரிவின் ஒயின்

1

சிலியின் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து சுற்றுலா வந்த ஒருவர் கேட்ட கேள்வியால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கேள்வியைக் கடைசியில் வைக்கிறேன். முதலிலேயே சொன்னால் அவர்மேல் உங்களுக்குக் கோபம் வரும். அவர் கெட்டவரில்லை.

முதலில் எழுதிய வரி: 'தீ அடங்கிய இத்தாத்தா பள்ளத்தாக்கில் மீண்டும் பச்சை துளிர்த்து –'

அடித்துவிட்டேன். துளிர்த்தது உண்மைதான். ஆனால் அதைச் சாலையோரத்துச் சுற்றுலாத் தட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

2

எதெல்மிராவுக்கு மலைச்சரிவில் பழைய திராட்சைத் தோட்டம். சுற்றிலும் ஒரு மரக் கம்பெனியின் பைன் காடு. போன கோடையில் காடு பற்றியபோது அவள் கணவன் நொல்பெர்த்தோ கொடிகளைக் காக்க மண்வெட்டியோடு மேலே ஏறினான். (அவன் செத்ததை ஒரு பத்தி எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.)

கீழ்ச்சரிவு பிழைத்தது. பழத்தில் புகை ஏறியிருந்தது. கழுவிப் பார்த்தாள். போகவில்லை. ஒயினானதும் வாயில் சாம்பல் கரித்தது. மொத்த வியாபாரி வேண்டாமென்றான். சுற்றுலாக்காரர்களும் வாங்காவிட்டால் நிலத்தைப் பைன் கம்பெனிக்கு விற்க வேண்டியதுதான்.

3

தீக்குப் பிறகு முதல் சுற்றுலா வண்டி வரும் நாள். அன்று அங்கே கூலிக்கு வந்திருந்த நான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து ருபெலிந்தோ, புகையில் வாட்டிய பன்றித் தொத்திறைச்சியோடு வந்தான்.

"அக்கா, மொதல்ல இதத் தின்னக் குடு. அப்புறம் ஊத்து. புகை எதுலேருந்து வருதுன்னு அவங்களுக்கு எங்க தெரியப்போகுது."

"ஏமாத்தச் சொல்றியா?"

"விருந்தாளிக்குக் கறி வைக்கிறது ஏமாத்தா? உம் புருஷன் இருந்திருந்தா இந்நேரம் பாதிய முழுங்கிருப்பான்."

அவள் சிரித்தாள். [சிரித்தாளா? நான் பார்த்தது அவள் முதுகு குலுங்கியதை மட்டும்.]

4

எல்லாரும் தின்றார்கள், குடித்தார்கள். ஒருவர் மட்டும் தட்டைத் தள்ளிவைத்தார்.

"நான் கறி தொடுறதில்லம்மா. ஒயின் மட்டும் குடுங்க."

அவர் வாயில் வைத்தார். எதெல்மிரா துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள்.

"புகை வாசம் வருதே."

"ஆமாங்க. தீயில..."

"இந்த மாதிரி எங்கயும் குடிச்சதில்லம்மா. டேய், எல்லாரும் இங்க வாங்க, கறி இல்லாம இதக் குடிச்சுப் பாருங்க."

பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். வண்டியில் ஏற்றியது நான்தான். கிளம்பும்போது அவர் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அடுத்த வருஷம் நெறய பேரக் கூட்டிட்டு வரேன். இதே ருசி இருக்கும்ல?"

5

ஒரு முடிவு: 'இருக்காது' என்கிறாள். அவர்கள் வரவில்லை. நிலம் போகிறது.

இன்னொன்று: 'இருக்கும்' என்கிறாள். அடுத்த அறுவடைக்கு முன், கொடிகளுக்கு நடுவே ஈரச் சுள்ளியைக் குவித்துத் தன் கையாலேயே கொளுத்துகிறாள்.

மூன்றாவது: நொல்பெர்த்தோவைப் பற்றிச் சொல்கிறாள். அவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி –

வேண்டாம். நான் கூலிக்குப் போன எந்தத் தோட்டத்திலும் யாரும் தொப்பியைக் கழற்றியதில்லை.

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. எழுத மாட்டேன். அவளுக்குப் பதில் நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அவள் நின்ற இடத்தில் நின்று சொல்லுங்கள். அங்கிருந்து பார்த்தால், அவனைச் சாக்கில் பொறுக்கி எடுத்த மேல்சரிவு தெரியும்.