பதிமூன்றும் அரை இஞ்சும்

கோகிலவாணியின் இடது தோளில் இருந்த நட்டு பதிமூன்றாம் நம்பர், மில்லிமீட்டர் கணக்கு. அவளைப் பெண் பார்க்க வந்த சென்னியப்பனுக்கோ அரை இஞ்சு. அந்த ஊரில் கல்யாணப் பேச்சு என்றால் முதலில் பார்ப்பது இதைத்தான். பகலெல்லாம் பேசிச் சிரித்துத் தளர்ந்துபோகும் தோளை மறுநாள் காலையில், காபிக்கு முன்னால், கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும் ஸ்பேனர் போட்டு முறுக்கிவிட வேண்டும்.

அரை இஞ்சு ஸ்பேனர் கடைகளில் வருவது நின்று வெகுகாலமாகிவிட்டது. சென்னியப்பன் வீட்டில் இருந்த ஒன்றும் அண்ணன் தனிக்குடித்தனம் போனபோது அண்ணியோடு போய்விட்டது. பதிமூன்றைப் போட்டால் மயிரிழை இடைவெளியில் நழுவும். எதற்கும் பொருந்துகிற ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்றார் கோகிலவாணியின் மாமா. அவள் அப்பா தலையாட்டவில்லை. அதன் வாய் தளர்ந்து தளர்ந்து நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். மழுங்கியபின் பல் வைத்த பைப் ரென்ச்சுதான் கதி. அவளுடைய பெரியப்பாவுக்கு அதில்தான் நடக்கிறது. தினமும் காலையில் அவர் போடும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கிறது.

"இது சரிப்படாதுங்க," என்று மாப்பிள்ளையின் அம்மா பாதி பஜ்ஜியோடு தட்டைக் கீழே வைத்தார்.

கோகிலவாணிக்கு அவனைப் பிடித்துப் போயிருந்தது. சற்று முன் எதற்கோ சிரித்தபோது அவனுடைய இடது கை சட்டைக்குள் சாண் அளவு இறங்கிவிட்டது. வலது கையால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தான்.

அவள் உள்ளே போய் பதிமூன்றாம் நம்பர் ரிங் ஸ்பேனரை எடுத்து வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் காலையில் வந்த பஸ்ஸின் டிக்கெட்டை அவனிடம் வாங்கி நாலாக மடித்து, அவன் நட்டின் ஒரு பக்கத்தில் வைத்து, ஸ்பேனரை மேலே அழுத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அரைச் சுற்று முறுக்கினாள்.

"வலிக்குதுங்களா?"

"இல்லீங்க. இன்னுங் கொஞ்சம் முறுக்கலாமுங்க."

"வேண்டாமுங்க. அப்புறம் சிரிக்க வராது."

மாப்பிள்ளையின் அம்மா மிச்ச பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

அடுத்த மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் அதன் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "நட்டு இல்லீங்க, வெல்டிங். இவளுக்கு ஸ்பேனரே தேவைப்படாதுங்க" என்று சொல்லிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். சென்னியப்பன் மிட்டாய் வாங்கக் கிளம்பினான்.