எட்டாத லீவர்

மருத்துவமனையின் வண்டிக் கொட்டகையில் சோதனை அலுவலர் தரையில் குந்தி உட்கார்ந்து, செவிலியின் பைக்கை உற்றுப் பார்த்தார். முன் பிரேக் லீவர் திரும்பி வந்து முட்டி நிற்கும் இடத்தில் ஒரு செம்புத் துண்டு செருகியிருந்தது.

"சிஸ்டர், இது கம்பெனியில வெச்சதா?"

"நான் வெச்சது."

"எதுக்கு?"

அவள் வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றிருந்தன. மீதியை ஆறு வருடங்களுக்கு முன் ஓர் இரும்புக் கதவு வாங்கிக்கொண்டது.

"கம்பெனிக்காரன் முழுசா அஞ்சு விரலை நினைச்சு லீவர் செஞ்சிருக்கான். என் கையை அவன் பார்த்தானா? எட்டலை. துண்டை வெச்சேன், லீவர் கிட்ட வந்துடுச்சு. இருபது நாளா ஓட்டறேன், ஒரு கீறல் கிடையாது."

அலுவலர் படிவத்தைக் காட்டினார். பிரேக் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள்: 'தொழிற்சாலைப் பாகம் – அனுமதி', 'மாற்றப்பட்டது – நிராகரிப்பு'. நிராகரித்துவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வார்டில் உட்கார வேண்டியதுதான். படுக்கையை விட்டு எழ முடியாத பதினோரு பேர் ஊரின் மூலைமுடுக்குகளில் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒரு தையல்காரர், அவள் வந்தால்தான் கட்டு மாற்றவே சம்மதிப்பார். மற்றவர்கள் கட்டை உரிக்கிறார்கள், இவள்தான் எடுக்கிறாள் என்பார்.

"பழையபடி மாத்திட்டு வாங்க."

"பிடிக்க முடியாத பிரேக்குக்கு அனுமதி, பிடிக்க முடியற பிரேக்குக்கு நிராகரிப்பு. நல்லா இருக்கு அண்ணா உங்க நியாயம்."

"இதுல கை வைக்க நீங்க என்ன மெக்கானிக்கா?"

"பிள்ளைக்கு மூக்கு ஒழுகினா துடைக்கறதுக்கும் டாக்டர்தான் வரணுமா?"

பக்கத்தில் காற்றடித்துக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் சிரித்துவிட்டார். அலுவலர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வாய்க்கு வாய் பேசுகிறவர்களைச் சட்டத்தைக் காட்டி விரட்டுவது எளிது. அந்த எளிய வேலையை அவர் செய்யாமல் விட்டதே பாதிப் புண்ணியம்.

"ஓட்டிக் காட்டுங்க. இந்த முற்றத்தைச் சுத்தி, மூலைக்கு மூலை பிரேக் பிடிச்சு, பதினைஞ்சு சுத்து."

"ஐம்பது சுத்தறேன்."

முதல் ஏழு சுற்று ராஜநடை. எட்டாவதில் வண்டி கனத்தது. ஒன்பதாவதில் முறுக்க முறுக்க முன்சக்கரம் முனகியது. பத்தாவதில், அவள் லீவரைத் தொடாமலே, சக்கரம் இறுகி வண்டி நின்றது. காலை ஊன்றித் தப்பினாள்.

அலுவலர் ஓடி வந்தார். "காலுக்கு ஒண்ணுமில்லையே?" என்றுதான் முதலில் கேட்டார். 'அப்பவே சொன்னேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்திருக்கும், விழுங்கிவிட்டார். அப்படி ஒரு சொல்லை விழுங்குவதும் ஒருவகை வழிபாடுதான்.

பிறகு பிரேக் தட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சுர்ரென்று ஆவியானது.

"லீவர் முழுசாத் திரும்பினாத்தான் உள்ள இருக்கற எண்ணெய்க்குத் திரும்பிப் போற வழி திறக்கும். உங்க துண்டு அதைப் பாதியில நிறுத்திடுச்சு. எண்ணெய் சூடாகி வீங்குது, போக வழியில்லை, பிரேக் தானா பிடிக்குது. இதே, மழையில ஒரு வளைவுன்னா?"

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்கு வீடு நின்று, வண்டி ஆறி ஆறிப் போனதால்தான் இருபது நாள் பிழைத்திருக்கிறாள். செம்புத் துண்டை அவளே பிடுங்கி எடுத்தாள்.

"துண்டு தப்பு. ஒத்துக்கறேன். எனக்கு எட்டணும்னு கேட்டது தப்புன்னா ஒத்துக்க மாட்டேன்."

"நானும் ஒத்துக்கச் சொல்லலை."

அவர் உள்ளே போய் அலமாரியைக் கிளறி, அதே கம்பெனியின் பெரிய வண்டிக்கான லீவர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அதில் ஒரு சின்னத் திருகு இருந்தது. திருப்பினால் பிடி மட்டும் நெருங்கி வரும். உள்ளே அழுத்தும் பகுதி அசையாது. அவளுடைய குட்டை விரல்களை லீவரின் மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்.

"எட்டுதா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்போ?"

"இப்போ எட்டுது."

அந்தக் கையைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள் ஆறு வருடத்தில் எத்தனையோ பேர். அளவெடுத்தவர் இவர் ஒருவர்தான்.

மறுபடி பதினைந்து சுற்று. முடிந்த கையோடு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுண்டினால் தடையில்லாமல் சுழன்றது. அலுவலர் பேனாவைத் திறந்தார். படிவத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"இது இந்த வண்டியோட வந்த பாகம் இல்லையே சிஸ்டர். மேல கேப்பாங்க. எந்தக் கட்டத்துல போடறது?"

அவள் பேனாவை வாங்கிக் கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே பிடித்தாள். இரண்டு கட்டங்களுக்கும் கீழே மூன்றாவதாக ஒன்றைக் கோணலாக வரைந்தாள். பக்கத்தில் 'மாற்றப்பட்டது – சோதிக்கப்பட்டது' என்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"படிவத்தையும் மாத்திட்டீங்களா?"

"மாத்தினேன். இந்தத் தடவை தனியா ஓட்டிட்டுப் போகலையே, பார்த்துச் சொல்லுங்கன்னு உங்ககிட்டதானே கொடுக்கறேன். மேல கேக்கறவங்க வரட்டும். கையைக் காட்டறேன்."

அவர் பேனாவைத் திரும்ப வாங்கினார். பிறகு கோணியிருந்த ஒரு கோட்டை நேராக்கிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.