கட் சொல்லாத ஷாட்

"தலைய ஆட்டாத நைனா, காது போய்டும்" என்று நாவிதர் இரண்டாவது முறையாகச் சொன்னார்.

பிரபு தலையை ஆட்டவில்லை, குனிந்திருந்தான். மடியில் செல்போன். பாதி மழித்த தலையிலிருந்து முடி திரையில் விழ விழ, அதை ஊதிவிட்டு ஒற்றைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

'அந்தத் தோள்ல கை வைக்கிறத எடுத்துடு. இப்பவே.'

தரமணி ஆபீசிலிருந்து ஷ்ரேயாவின் பதில் வந்தது. 'கேம்ல ஹீரோ சும்மா நிக்கும்போது பண்றானே, அதுவா? எல்லாருக்கும் பிடிச்சதே அது ஒண்ணுதானே? நீ முதல்ல அங்க நடக்கிறதப் பாரு பிரபு.'

அங்கே என்றால் கண்ணம்மாபேட்டை சுடுகாடு. பத்தடி தள்ளி, மூங்கில் பாடையில், சாமந்தியும் ரோஜாவுமாக மூடப்பட்டு அவன் அப்பா துரைராஜ் படுத்திருந்தார். முப்பது வருஷம் கோடம்பாக்கத்தில் சண்டைக்காரராக இருந்தவர். கதாநாயகர்களுக்குப் பதிலாக மாடியிலிருந்து விழுந்தவர், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தவர், வில்லனுக்கு அடியாளாக வந்து கத்திக்குத்து வாங்கிச் செத்தவர். ஒவ்வொரு தடவையும் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, டீ எங்கே என்று கேட்பார். நேற்றுக் காலை பால் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறியவர், நடுப்படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பால் பாக்கெட்கூட உடையவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர், "இதுக்கு முன்னாடி இடது தோள்ல, கையில வலின்னு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்று அம்மா தேவானை உடனே சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் பிரபுவைப் பார்த்தார். "இல்ல" என்று அவனும் சொன்னான். சொன்ன வாயை மூடுவதற்குள் அந்தக் கை அவன் கண்முன் எழுந்தது. அப்போது எழுந்தது இன்னும் இறங்கவில்லை.

பிரபுவும் ஷ்ரேயாவும் இன்னும் இரண்டு பேரும் மூன்று வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்த கேம் 'பாதாளச் சாவி'. பழைய கோட்டை ஒன்றின் அடியில் ஏழு கிணறுகள். ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறிப் புதையல் தேடுகிறான் ஒருவன். அவனுக்கு ஓட்டமும் தாவலும் வேண்டும். உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக ஒட்டிய கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் ஓடினால், சுற்றியிருக்கும் கேமராக்கள் அந்த அசைவை அப்படியே கம்ப்யூட்டருக்குள் இறக்கிவிடும். யாரைக் கூப்பிடலாம் என்று பிரபு வீட்டில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தட்டிலிருந்து தலை நிமிராமல், "ஏன், நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றார்.

ஐம்பத்தேழு வயசு. ஆறு நாள் வேலை. நான்காம் நாள், கயிற்றேணியில் பத்தொன்பது தடவை ஏறி இறங்கிய பிறகு அவர் நின்றார். வலது கையை இடது தோளில் வைத்து அழுத்தினார். இடது கை விரல்களை மூடி மூடித் திறந்தார். வாயால் ஒரு மூச்சு விட்டு, மேலே பார்த்துச் சிரித்தார். களைத்துப்போன புதையல் வேட்டைக்காரன் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"சூப்பர்பா! அதே மாதிரி இன்னொரு வாட்டி!"

அப்பா இன்னும் ஐந்து வாட்டி செய்தார்.

சண்டைக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. 'ஆக்‌ஷ'னுக்கும் 'கட்'டுக்கும் நடுவில் எலும்பே முறிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஐயோ, அம்மா எல்லாம் கட் சொன்ன பிறகுதான். துரைராஜ் அந்தச் சட்டத்திலேயே வளர்ந்தவர். பிரபு பதிவு செய்த இடத்தில் கட் சொல்ல ஆளே இல்லை. ஃபிலிம் வீணாகப் போவதில்லை, பதிவு அதுபாட்டுக்கு ஓடும், வேண்டியதைப் பிறகு வெட்டி எடுத்துக்கொள்ளலாம். "கட்டு சொல்லுடா" என்று அப்பா ஒரு தடவை கேட்டது பதிவிலேயே இருக்கிறது. "இதுல கட்டெல்லாம் கெடையாதுப்பா" என்று பிரபு சிரித்ததும் இருக்கிறது.

கேம் வெளிவந்து பதினோரு நாள். வாங்கி விளையாடியவர்கள் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். கதை நகரவில்லை, இரண்டாம் கிணற்றில் மாட்டினால் மீளவே முடியவில்லை, புதையலைப் பார்த்தால் பாத்திரக் கடை மாதிரி இருக்கிறது. ஆனால் திட்டியவர்கள்கூட ஒன்றை மட்டும் புகழ்ந்தார்கள். பன்னிரண்டு விநாடி எந்தப் பொத்தானையும் தொடாமல் விட்டால், ஹீரோ தோளைப் பிடித்துக்கொண்டு விரல்களை மூடித் திறப்பான். 'ஒரு கேமில் இப்படி உயிருள்ள மனுஷனை நான் பார்த்ததில்லை' என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே, நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'இதைச் செய்தவரை ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு நடிப்பாகத் தெரியவில்லை.'

பிரபு அதை 'எங்கப்பாவுக்குக் கிடைச்ச முதல் அவார்டு' என்று தலைப்புக் கொடுத்து, சிரிப்புப் பொம்மைகள் போட்டு ஊருக்கெல்லாம் காட்டினான். அப்பாவிடமும் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"நர்ஸே ஏமாந்துட்டா, பாத்தியா" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அது நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாவி, பாவி என்று பிரபு மனசுக்குள் தன்னையே அறைந்துகொண்டான்.

மழித்து முடிந்ததும் தண்ணீர்க் குழாய் ஓரமாகப் போய் ஷ்ரேயாவுக்குப் போன் போட்டான்.

"பிரபு, மாத்தினா முழுக்க டெஸ்ட் பண்ணணும். நாளைக்குப் பண்றேனே."

"நாளைக்கு வேணாம். உன் கால்ல விழறேன் ஷ்ரேயா."

"ஏன்டா, என்ன ஆச்சு?"

"அம்மா பாத்துடக் கூடாது."

நர்ஸ் எழுதியதை முதலில் பார்த்து அவனுக்கு அனுப்பியவளே ஷ்ரேயாதான். "ரெண்டு மணி நேரம் குடு" என்றாள்.

"வா நைனா, கூப்புடறாங்க" என்று ஜவஹர் அண்ணன் தோளைத் தொட்டார். அப்பாவோடு சேர்ந்து அத்தனை மாடிகளிலிருந்தும் குதித்தவர். தண்ணீர் நிறைத்த மண்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பிரபு மூன்று சுற்றுச் சுற்றினான். கடைசியாக முகத்தருகே குனிந்தபோது, பூவாசனையையும் மீறி அப்பாவின் சட்டையில் தைல வாடை அடித்தது. மயானத்து ஆட்கள் பாடையைத் தூக்கினார்கள். அதுவரை திடமாக இருந்த ஜவஹர் அண்ணன், "எந்திரிண்ணே, ஷாட் முடிஞ்சிச்சு, எந்திரி" என்று கத்திக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீடு திரும்பும்போது மணி மூன்றரை. அந்த நடுப்படியைத் தாண்டித்தான் மேலே போக வேண்டியிருந்தது. பிரபு அதில் கால் வைக்காமல் ஏறினான்.

அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. அதன் எதிரில் அம்மா. அவள் பக்கத்தில் தங்கை தமிழ்நிலா லேப்டாப்பை டிவியோடு இணைத்துக்கொண்டிருந்தாள். திரையில் கோட்டையும் முதல் கிணறும் தெரிந்தன.

"யாரு இத போடச் சொன்னது?"

"அம்மாதாண்ணா. அப்பாவப் பாக்கணுமாம்."

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. 'ஏத்திட்டேன். அப்டேட் பண்ணிக்கோ.' அந்த வீட்டு நெட்டில் அது இறங்கி முடிய ஒரு மணி நேரமாவது ஆகும்.

"சாய்ங்காலம் பாக்கலாம்மா. இப்ப நெட்டு இல்ல."

"நெட்டுல இன்னாடா கீது? அவரு உள்ளதான கீறாரு, காட்டு." அம்மாவின் குரலில் கண்ணீர் வற்றிப்போயிருந்தது. "வுழறத பாக்க முடியாதுன்னு முப்பது வருசமா அவரு படம் ஒண்ணுகூட நான் பாத்ததில்ல. இனிமேட்டு இன்னா, வுழவா போறாரு?"

பிரபு தங்கையின் கையிலிருந்து, கேமை ஆட்டுவிக்கும் ரிமோட் போன்ற கருவியைப் பிடுங்கிக்கொண்டான். அவன் ஓட்டினால் நிற்காமல் ஓட்டலாம். கட்டைவிரலால் குமிழைத் தள்ள, ஹீரோ ஓடத் தொடங்கினான். முகம் யாரோ இளைஞனுடையது. ஆனால் லேசாக இடது பக்கம் சாய்ந்த அந்த இடுப்பு, தாவுவதற்கு முன் ஒரு எட்டுப் பின்வாங்குகிற அந்த வழக்கம்!

"அவரேதான்" என்றாள் அம்மா. "ஐயோ, அவரேதான்."

பிரபு ஓட்டினான். கிணற்றைச் சுற்றினான், சுவரில் ஏற்றினான், இறக்கினான், மறுபடி கிணற்றைச் சுற்றினான். கட்டைவிரல் மரத்துப்போனது. மழித்த தலையிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை.

"ஏன்டா ஓடிக்கினே கீறாரு? செத்த நேரம் நிக்க வுடேன். மூச்சு வாங்குது பாரு."

"நின்னா ஆட்டம் தோத்துடும்மா."

"தோத்தா தோக்கட்டும். நிக்க வுடுடா அவர."

இன்னும் ஒரு சுற்று. இன்னும் அரைச் சுற்று. பிறகு பிரபு விரலை எடுத்தான்.

ஹீரோ கிணற்றோரம் நின்றான். டிவியில் காற்றும் புறாக்களும் மட்டும் கேட்டன. பன்னிரண்டு விநாடி இவ்வளவு நீளம் என்று பிரபுவுக்குத் தெரியாது. வலது கை எழுந்து இடது தோளைப் பிடித்தது. விரல்கள் மூடின, திறந்தன. அந்த ஆள் மேலே பார்த்துச் சிரித்தான்.

பிரபு அம்மாவைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தான்.

"அந்தத் தோளுதான்" என்றாள் அம்மா. "தெனம் தைலம் தேச்சி வுட்டேன். டாக்டராண்ட போலாம் வான்னா, புள்ள கேமு வெளிய வரட்டும், அதுவரைக்கும் அவனாண்ட மூச்சு வுடாதன்னாரு."

பிரபு கருவியைத் தரையில் வைத்தான். யாரும் அதை எடுக்கவில்லை. பன்னிரண்டு விநாடிக்கு ஒரு தடவை கை எழுந்து தோளைத் தொட்டது. அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கட்டைவிரல் அவள் முழங்காலின் மேல் மெல்ல, வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.