நடுத்தூண்

நகரியில் நாங்கள் கட்டும் வீட்டின் முகப்பு திருப்பதியிலிருந்து வந்தது. அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்த வெள்ளை வீட்டை செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். உயரமான உருண்டைத் தூண்கள், அவற்றின் தலையில் விரிந்த இலைகள், மேலே முக்கோண முகப்பு, அதன் விளிம்புக்குக் கீழே பல்வரிசை மாதிரி சின்னச் சின்னக் கட்டைகள். வாசல் நட்டநடுவில், இரண்டு பக்கமும் ஒரே அளவு ஜன்னல்கள். தறி ஓட்டிக் கட்டும் வீடு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

மேஸ்திரி விஜயராகவன் எல்லாவற்றையும் படத்தில் உள்ளபடியே செய்தார். தூணில்தான் என் மாமியார் கமலம்மா புகுந்தார். படிக்கட்டை லாபம், நஷ்டம் என்று எண்ணி லாபத்தில் முடிப்பது எங்கள் வழக்கம். அத்தை தூணையும் அப்படியே எண்ணியிருக்கிறார். படத்தில் இருந்த நான்கு, நஷ்டத்தில் முடிந்தது. நான் ஊரில் இல்லாத நாளில் ஐந்தாவதை எழுப்பச் சொல்லிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால், வாசலுக்கு நேர் எதிரே ஒரு தூண் காவல்காரன் மாதிரி வழியை மறித்து நிற்கிறது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வியாழக்கிழமை கூரைக்குக் கான்கிரீட். போட்டுவிட்டால் அந்தத் தூணை அசைக்க முடியாது. அத்தையோ பிடித்த பிடியை விடவில்லை. என் வீட்டுக்காரர் தணிகைவேல் யார் பக்கமும் பேசாமல், தறியில் நூல் அறுந்துவிட்டது என்று நழுவினார். நான் கோபப்படும்போதெல்லாம் அந்த மனிதருக்கு நூல் அறுந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையைத் திருப்பதிக்கு அழைத்துப் போனேன். அந்த வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று விரல் நீட்டித் தூண்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். நான்குதான். உதட்டைப் பிதுக்கினார். அப்போது கதவைத் திறந்து அந்த வீட்டு அம்மாள் வந்து, நடு இடைவெளியில் நின்றபடி யார் வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார். மொத்த வீடும் அவர் வந்து நிற்பதற்காகவே கட்டியதுபோல் இருந்தது. வீடு பார்க்க வந்தோம் என்று அத்தை தெலுங்கிலேயே சொன்னார்; அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தார்.

பஸ்ஸில் அத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் மேஸ்திரிக்குப் போன் போடச் சொன்னார்.

"நடுத்தூண எட்த்துடு மேஸ்திரி. அந்த எடத்துல எங்க மருமவ உதயா நின்னுக்கினு இருப்பா. அவளையும் சேத்து எண்ணிக்கோ."

சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் அப்படியே போட்டுவிட்டேன். சந்தோஷமாக அத்தைக்குக் காபி கலக்கப் போனேன்.